ஒரு மாதம் கழித்து இன்னொரு காணொளி போடுங்கள்

தமிழில் கேம் ஆடிக் காட்டுகிற, விமர்சனம் சொல்கிற யூடியூப் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

முசரவாக்கத்திலிருந்து எழுதுகிறேன். காஞ்சிபுரத்துப் பக்கம். உங்களில் பலரை எனக்குக் குரலாகத் தெரியும். தறியில் உட்கார்ந்திருக்கும்போது காதில் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் நீங்கள்தான். அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

ஒரு விளையாட்டு வெளியாகிற வாரத்தில் நீங்கள் அத்தனை பேரும் இருக்கிறீர்கள். அடுத்த மாதம் தேடினால் ஒருவரும் இல்லை. 2025 ஜனவரி 23ஆம் தேதி ‘சிண்டுவாலிட்டி: எக்கோ ஆஃப் ஏடா’ வந்தபோது இதுதான் நடந்தது. அனிமே முகம், மெக் ரோபோ, துப்பாக்கி, கூடவே எக்ஸ்ட்ராக்‌ஷன். ‘கிராபிக்ஸ் மாஸ், வேற லெவல்’ என்று சிலர் இருபது நிமிடத்தில் முடித்தீர்கள். ‘மொக்கை, காசு வேஸ்ட்’ என்று வேறு சிலர் அதே இருபது நிமிடத்தில் முடித்தீர்கள். இரண்டு தரப்பும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜூலையில் ‘மெக்கா பிரேக்’ வந்தது. அதற்கும் அதே கதிதான்.

வேறு வகை விளையாட்டாக இருந்தால் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன். ஒரு கார் பந்தய விளையாட்டை, ஒரு கதை விளையாட்டை முதல் வாரத்திலேயே ஓரளவு அளந்துவிடலாம். எக்ஸ்ட்ராக்‌ஷன் ஷூட்டரை அப்படி அளக்க வராது. உள்ளே போகிறோம், பொருள் சேர்க்கிறோம், உயிரோடு வெளியே வந்தால் எல்லாம் நமக்கு, செத்தால் கொண்டுபோனதும் சேர்த்ததும் போச்சு. இந்த வகையின் பலம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பலவீனம் இரண்டாம் மாதத்தில்தான் தலைகாட்டும். பலம் தெரிகிற நேரத்தில் வந்துவிட்டு, பலவீனம் வெளியே வருவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். பின்னால் காசு கொடுத்து வாங்கியவன் மாட்டிக்கொள்கிறான்.

உங்களைப் பார்ப்பது யார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் கேமிங் பிசி இருக்கிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோதே 49,990 ரூபாய். அரசு 2011இல் தொடங்கிக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் படம் பார்க்கலாம், ஆவணம் அடிக்கலாம், சிண்டுவாலிட்டி ஓடாது. ஆக இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு உங்களைப் பார்ப்பதுதான் விளையாடுவது. நீங்கள் உள்ளே போகும்போது அவர்களும் உள்ளே போகிறார்கள், நீங்கள் செத்தால் அவர்களும் ‘அய்யோ’ என்கிறார்கள். அதில் நூற்றில் ஒருவன் ஒரு வருடம் சேர்த்துவைத்து, அப்பா அம்மாவிடம் கெஞ்சி, கடைசியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறான். முதலில் எந்த விளையாட்டை வாங்குவது என்று அவனுக்குச் சொல்வது நீங்கள்தான். அவனுக்கு வேறு ஆள் இல்லை. ஆங்கில விமர்சனம் புரியாது, புரிந்தாலும் அது அவனுடைய வீட்டுக்கு எழுதப்பட்டதாக இராது.

அனிமே மீது அவனுக்கு இருக்கும் பிரியத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். சுட்டி டிவி தொடங்கிய 2007இல் இருந்து தமிழ் பேசும் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்த தலைமுறைக்கு க்ரஞ்சிரோலில் தமிழ் டப்பிங்கே கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ தமிழிலும் தியேட்டருக்கு வந்தது, கூட்டம் கூடியது. அந்தப் பிரியத்தோடு வருகிற பிள்ளை, மெக் மேல் ஒரு அனிமே முகத்தைப் பார்த்தால் விலையைப் பார்க்கமாட்டான். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். ‘மொக்கை’ என்று தள்ளியவர்கள்மேல்தான் எனக்கு முதல் வருத்தம். ஏனென்றால் சிண்டுவாலிட்டியில் நல்லதாகச் சொல்ல நிறைய இருந்தது, அதை யாரும் நின்று சொல்லவில்லை.

அந்த உலகத்தில் விஷ மழை பெய்கிறது. ‘அமாவாசைக் கண்ணீர்’ என்பது போன்ற பெயர் வைத்திருக்கிறார்கள் அதற்கு. அந்த மழை மனித குலத்தில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. மிஞ்சியவர்கள் பதுங்கி வாழ்கிறார்கள், ஏஓ என்ற படிகத்தைத் தேடி மேலே வருகிறார்கள். கதைப் பின்னணியாக மட்டும் இருந்திருந்தால் இதில் சொல்ல ஒன்றும் இல்லை. மழை விளையாட்டின் விதியாகவே இருக்கிறது. நீங்கள் ஓட்டும் மெக், அதன் பெயர் க்ரேடில்காஃபின், நனைய நனைய அரிபடும். பையில் நல்ல படிகம் இருக்கிறது, வெளியேறும் மின்தூக்கி தூரத்தில் இருக்கிறது, மேகம் கறுக்கிறது. அந்த நேரத்தில் ‘இன்னும் ஒன்றே ஒன்று எடுத்துவிட்டுப் போகலாம்’ என்று மனசு சொல்கிறது பாருங்கள், அதை இந்த விளையாட்டு போல் எதுவும் கிளப்பியதில்லை. வட்டம் சுருங்கி வந்து நெருக்குகிற பேட்டில் ராயலில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுவார்கள். இங்கே வானத்தைப் பார்த்து அவரவர் முடிவு எடுக்க வேண்டும். 

அந்த மெக் வண்டியையும் சொல்ல வேண்டும். பறக்காது, பளபளக்காது. தூசியும் துருவுமாக, கால் வைத்தால் கனம் தெரிகிற ஒரு வேலைக்கார இயந்திரம். படிகம் வெட்டும்போது அசையாமல் நிற்க வேண்டும், முதுகு திறந்து கிடக்கும். சண்டைக்குப் பிறந்த ‘கன்டம்’ அனிமே ரோபோக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மந்தமாகப் படலாம். எனக்கு அதுதான் பிடித்தது.

பிறகு மேகஸ். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கூடவே வருகிற செயற்கை நுண்ணறிவுத் துணை. மழை வருகிறது என்று எச்சரிக்கும், எதிரி எந்தப் பக்கம் என்று சொல்லும், திரும்பி வந்தால் சந்தோஷப்படும். எக்ஸ்ட்ராக்‌ஷன் விளையாட்டு தனியாக ஆடுகிறவனுக்கு ஒரு சிறைக்கூடம்; குழுவாக வருகிறவன் அவனைக் கொன்று தின்றுவிடுவான். மேகஸ் அந்தத் தனிமையை ஓரளவு போக்குகிறது. தோழர்கள் யாரும் இந்த விளையாட்டை வைத்திருக்காத ஊரில் இருந்து ஆடுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சென்னையில் குழு வைத்து ஆடுகிற உங்களுக்குத் தோன்றியிருக்காது.

எல்லாவற்றையும்விட, சுடலாமா வேண்டாமா என்று ஆளை யோசிக்க வைத்தார்கள். வழியில் எதிர்ப்படும் இன்னொரு ஓட்டுநரிடம் ‘சேர்ந்து போகலாமா’ என்று கேட்கலாம். சுட்டுப் பறிக்கவும் செய்யலாம். பறித்தால் கொள்ளைக்காரன் என்று பெயர் விழும், தலைக்கு விலை வைப்பார்கள், அந்த விலைக்காக உங்களை வேட்டையாட ஆள் வருவான். ‘எஸ்கேப் ஃப்ரம் டார்காவ்’ 2017இல் இந்த வகைக்கு ஒரு முகம் கொடுத்தது; அங்கே பார்த்தவுடன் சுடு என்பதே சட்டம். சிண்டுவாலிட்டியில் முன்பின் தெரியாதவர்கள் எதிரெதிரே நின்று, கையசைத்து, எண்டர் என்கிற பெரிய அரக்கப் பிராணி ஒன்றைச் சேர்ந்து வீழ்த்திவிட்டு அவரவர் வழியில் போனார்கள். வெளியீட்டு நாட்களில் வெளிநாட்டு விமர்சகர்கள் சிலர் வியந்து எழுதியது இதைத்தான். தமிழில் இது காதில் விழவே இல்லை. ‘பிவிபி (ஆளுக்கு ஆள் மோதல்) கம்மி’ என்று ஒரு வரியில் போய்விட்டது.

இவ்வளவு நல்லது இருக்கிற விளையாட்டு ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் நீங்கள் இரண்டாம் மாதத்தில் வந்து சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கோர்வைப் புடவை நெய்வார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ளித் தர நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். வேலை இழுக்கும், ஆனால் பிறகு உடலையும் கரையையும் பிரிக்க முடியாது. சிண்டுவாலிட்டியில் கரை தனியாக நெய்தது, உடல் தனியாக நெய்தது. இரண்டும் நல்ல நூல்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டார்கள்.

எப்படி என்கிறீர்களா? அமேசியா என்ற அழிந்த நகரத்தின் மர்மத்தைச் சொல்லும் கதைப் பகுதி ஒன்று உள்ளே இருக்கிறது. தனியாக ஆடலாம். ஆனால் அதைத் திறக்க, மற்றவர்கள் திரியும் களத்துக்குப் போய்ப் பொருள் சேர்த்து, இருப்பிடத்தைக் கட்டி முன்னேற வேண்டும். அனிமேக்காக வந்தவன் கதையைக் கேட்கக் கொள்ளைக்காரனிடம் பத்துத் தடவை பறிகொடுக்க வேண்டியிருக்கிறது. சண்டைக்காக வந்தவனுக்கோ கதை எதற்கும் உதவாது. அனிமேவும் அப்படியே போயிற்று. ‘சிண்டுவாலிட்டி நுவார்’ தொடர் 2023 ஜூலையில் தொடங்கி 2024 மார்ச்சில் இருபத்து நான்கு பகுதிகளோடு முடிந்துவிட்டது. 2022 செப்டம்பரில் அறிவித்தபோது விளையாட்டும் 2023இல் வரும் என்றார்கள். தள்ளித் தள்ளி, தொடர் முடிந்து பத்து மாதம் கழித்துத்தான் வந்தது. தொடரைப் பார்த்து ஏங்கியவன் ஆறிப்போய்விட்டான். ஒரே காலத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டிய இரண்டு வேலைகள் இவை.

எண்டர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முதல் சில நாள் பயமுறுத்தும், பிறகு மேயும் மாடு மாதிரி. மழையும் பேராசையும் சேர்ந்து உண்டாக்குகிற பதற்றத்துக்கு ஈடுகொடுக்கிற எதிரிகள் இல்லை. அதனால் பழகிய பிறகு ஆபத்து என்றால் இன்னொரு மனிதன் மட்டும்தான். மனிதர்கள் குறைந்தால் ஆபத்தும் இல்லை, ஆட்டமும் இல்லை.

அடுத்து காசு. வெளியானபோது அமெரிக்க விலை 39.99 டாலர். கொடுத்து வாங்கிய பிறகு உள்ளே சீசன் பாஸ் வேறு. இலவச விளையாட்டில் சீசன் பாஸ் வைத்தால் சரி, வயிற்றுப்பாட்டுக்கு என்று விட்டுவிடலாம். விலையும் வாங்கிக்கொண்டு வாசலில் உண்டியலும் வைத்தால்? இதைச் சொன்ன தமிழ்க் காணொளி ஒன்று என் கண்ணில் படவில்லை. பாஸ் வாங்கி முதல் நாளிலேயே பளபளவென்று மேகஸுக்கு உடை மாற்றிக் காட்டிய காணொளிதான் பட்டது.

இந்த மடலை எழுத வைத்ததே இனி சொல்லப்போகும் விஷயம்தான். எக்ஸ்ட்ராக்‌ஷன் விளையாட்டு நமக்கு விற்பது இழப்பு. இழக்க நேரும் என்பதால்தான் பையில் இருக்கும் படிகத்துக்கு மதிப்பு. மூன்று இரவு சேர்த்த பாகங்களைப் பூட்டிக்கொண்டு உள்ளே போகிறவனுக்குக் கை நடுங்குகிறதே, அந்த நடுக்கம்தான் சரக்கு. இது நியாயமான வியாபாரம், என் நேரத்தை நான் பணயம் வைக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்த நடுக்கத்தை உண்டாக்கிய அதே கம்பெனி, அதைக் குறைக்கும் மருந்தையும் காசுக்கு விற்கத் தொடங்கினால் கணக்கு வேறாகிவிடும். அப்போது இழப்பு எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு வருமானம். வலியைக் கூட்ட அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

மெக்கா பிரேக்கைப் பாருங்கள். சீனாவின் அமேசிங் சீசன் கம்பெனியுடையது. 2025 ஜூலை தொடக்கத்தில் வெளியானது, இலவசம். மூன்றுக்கு மூன்று, ஆறுக்கு ஆறு மோதல்கள், அதோடு மாஷ்மாக் என்ற எக்ஸ்ட்ராக்‌ஷன் களம். அந்த மெக்குகள் பறக்கிற வேகமும் அழகும் சொல்லி மாளாது. சிண்டுவாலிட்டி நடக்கிறது என்றால் இது பாய்கிறது. பிப்ரவரியில் திறந்துவிட்ட பீட்டாவுக்கு ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் மூன்று லட்சம் பேருக்குமேல் வந்தார்கள். ஆனால் வெளியானபோது மாஷ்மாக்கில் நீங்கள் உயிரைக் கொடுத்து எடுத்துவரும் பொருளுக்குச் சந்தை இருந்தது. அந்தச் சந்தையில் செல்லும் நாணயத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடிந்தது. ஒருவன் மூன்று இரவு விழித்து எடுத்ததை இன்னொருவன் கார்டைத் தேய்த்து எடுக்கலாம். களத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். இந்த இடத்தில் நின்று ஒரு நிமிடம் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். நீங்களோ விமானியின் உருவத்தை வடிவமைக்கும் திரையில் ஐந்து நிமிடம் நின்றீர்கள். ஏன் நின்றீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதுவரை உங்களில் சிலருடைய காணொளிகளுக்கு நடுவே யார் வந்து பேசினார்கள் என்பது நினைவிருக்கும். ரம்மி கம்பெனிக்காரர்கள். ‘பொறுப்புடன் விளையாடுங்கள்’ என்பதை மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார்கள். தமிழ்நாடு தனக்கென்று 2022இலேயே சட்டம் போட்டு, நீதிமன்றப் படியேறி, ரம்மியால் போன உயிர்களைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த விளம்பரமும் ஓடியது. இப்போது அந்த விளம்பர இடம் காலி. அதை நிரப்ப யாராவது வருவார்கள். மெக் விளையாட்டு சூதாட்டம் என்று நான் சொல்லவில்லை, அந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் இழந்ததை மீட்க இன்னும் கொஞ்சம் போடலாம் என்கிற அந்த அரிப்பு இரண்டிலும் ஒரே இடத்தில்தான் அரிக்கிறது. பதினாறு வயதுப் பையன் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு பலவீனமும் இருக்கிறது. அதைப் பற்றி டோக்கியோக்காரனோ லண்டன்காரனோ எழுதமாட்டான். சித்திரை வைகாசியில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? யுபிஎஸ் இல்லாத வீட்டில், பை நிறையப் படிகத்தோடு மின்தூக்கிக்கு நடந்துகொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால்? பேட்டில் ராயலில் ஒரு ஆட்டம் போகும்; அடுத்த ஆட்டத்தில் எல்லோரும் வெறுங்கையோடு மறுபடி தொடங்குவார்கள். எக்ஸ்ட்ராக்‌ஷனில் போவது அந்த ஒரு ஆட்டம் மட்டும் இல்லை. போன வாரத்து உழைப்பும் சேர்ந்து போகலாம். மழைக்குக் கேபிள் அறுந்தால், பக்கத்து வீட்டு வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் மோடத்தை அணைத்துவிட்டால், பிங் எகிறி எதிரி இரண்டு இடத்தில் தெரிந்தால், எல்லாவற்றுக்கும் விலை உண்டு. விளையாட்டுக்கு விளையாட்டு இது மாறும்: சிலதில் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம், சிலதில் முடியாது. வாங்குவதற்கு முன்னால் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். உங்களிடம் பைபர் லைன் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, சரி. ஒருமுறை வேண்டுமென்றே வயரைப் பிடுங்கிப் பார்த்து என்ன ஆகிறது என்று காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

அப்புறம் ஆள் எண்ணிக்கை. இந்த வகை விளையாட்டு ஆட்களால்தான் உயிர் வாழ்கிறது என்று மேலே சொன்னேன். பெர்லினின் யேகர் கம்பெனி ‘தி சைக்கிள்: ஃபிரான்டியர்’ என்று ஓர் எக்ஸ்ட்ராக்‌ஷன் விளையாட்டை 2022 ஜூனில் கொண்டுவந்தது. அழகான காடு, அதிலும் புயல் வரும். ஏமாற்று மென்பொருளோடு வந்தவர்கள் பெருகினார்கள், நேர்மையாக ஆடியவர்கள் கிளம்பினார்கள், 2023 செப்டம்பரில் சர்வரை மூடிவிட்டார்கள். அது இலவசம், போகட்டும். சோனியின் ‘கான்கார்ட்’ அதே 40 டாலர் விலையில் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. இரண்டே வாரம். சோனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, எல்லோரும் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆன்லைனில் மட்டும் ஓடுகிற விளையாட்டை வாங்குகிறவன் பொருளை வாங்கவில்லை, கம்பெனிக்கு மனசு இருக்கும்வரை உள்ளே வர அனுமதி வாங்குகிறான். வெளியீட்டு வாரத்தில் சர்வர் நிரம்பி வழியும். வழிகிற நாளில் எடுத்த காணொளியைப் பார்த்து ஆறு மாதம் கழித்து ஒருவன் வாங்குகிறான். உள்ளே போனால் மழை பெய்கிறது, படிகம் கிடக்கிறது, கையசைக்க ஆள் இல்லை. யூடியூபில் தேடினால் இன்னும் முதலில் வருவது உங்கள் ‘வேற லெவல்’தான்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ‘அண்ணா, பழைய கேமுக்கு வியூஸ் வராது.’ உண்மைதான், வராது. உங்கள் வாடகையை யூடியூப் கட்டுகிறது, நான் கட்டவில்லை. அதனால் வாரத்துக்கு ஒன்று கேட்கவில்லை. ‘ஸ்பான்சர் கோபித்துக்கொள்வான்’ என்பீர்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. காசோ இலவசப் பிரதியோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இலும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் நெறிமுறை போட்டுவிட்டன. தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. காணொளிக்குக் கீழே, விவரப் பகுதியின் கடைசியில், ஆங்கிலத்தில், ஹேஷ்டேக் கும்பலுக்கு நடுவே ஒளித்துவைப்பது சொன்னதாக ஆகாது. வாயால், தமிழில், ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். சொன்ன பிறகும் நாங்கள் பார்ப்போம். கம்பெனி கொடுத்த பிரதியில் ஆடியவன் குறை சொன்னால் இன்னும் கூடுதலாக நம்புவோம்.

‘நாம் சொல்லி ஜப்பான்காரன் கேட்கவா போகிறான்’ என்பது மூன்றாவது பதில். கேட்கிறார்கள். மெக்கா பிரேக்கின் பீட்டாவில் எழுந்த புகார்களைக் கேட்டுத்தான் வெளியீட்டுக்கு முன்னால் கம்பெனி பல விஷயங்களை மாற்றியது. 2024 மே மாதத்தில் கணினியில் ‘ஹெல்டைவர்ஸ் 2’ ஆடுகிறவர்கள் எல்லோரும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்தே ஆக வேண்டும் என்று சோனி சொன்னது. ஸ்டீமில் எதிர்ப்பு விமர்சனங்கள் மலையாகக் குவிந்தன, சில நாளில் சோனி பின்வாங்கியது. அந்தக் குவியலில் தமிழ்நாட்டுக்காரனுடைய குரலும் ஒன்று சேர்ந்தால் கெட்டுவிடாது. அப்படியே அவர்கள் கேட்காவிட்டாலும் நாங்கள் கேட்போம். நான் பேசுவது எங்களுக்காகத்தான்.

ஆகவே கேட்பது ஒன்றே ஒன்று. எக்ஸ்ட்ராக்‌ஷன் விளையாட்டைப் பற்றி ஒரு காணொளி போட்டால், ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஒன்று போடுங்கள். நீளமாக வேண்டாம், எடிட்டிங் வித்தை வேண்டாம், தம்ப்நெயிலில் வாயைப் பிளக்க வேண்டாம். இன்னும் ஆடுகிறேனா, விட்டுவிட்டேனா என்று சொல்லுங்கள். விட்டிருந்தால் எந்த இரவில், எதை இழந்து, ஏன் விட்டீர்கள் என்று சொல்லுங்கள். வாங்கிய விலைக்கு மேல் உள்ளே எவ்வளவு கேட்டார்கள், எந்த இடத்தில் கை பர்ஸுக்குப் போனது, போகாமல் ஆடிப் பார்த்தால் எவ்வளவு தூரம் போக முடிகிறது, ராத்திரி பதினொரு மணிக்கு உள்ளே போனால் ஆள் கிடைக்கிறார்களா, கரண்ட் போனால் பை என்ன ஆகிறது. தனியாக ஆடுகிறவனுக்கு இது ஆகுமா ஆகாதா. நல்லது இருந்தால் அதையும் நின்று சொல்லுங்கள், ஒருவருக்கொருவர் கையசைத்துவிட்டுப் போனார்களே, அந்த மாதிரி விஷயங்களை. ‘மாஸ்’, ‘மொக்கை’ இரண்டையும் முதல் காணொளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிண்டுவாலிட்டியில் இருந்தே தொடங்கலாம். வெளியீட்டு வாரத்தில் போட்டவர்கள் யாராவது ஒருவர் இன்றைக்கு மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். யார் இருக்கிறார்கள், என்ன மாறியிருக்கிறது, சர்வர் எப்படி இருக்கிறது, இப்போது வாங்குகிறவனுக்குக் கையில் என்ன கிடைக்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள். தலைப்பில் தேதியைப் போடுங்கள். பழைய காணொளிக்குக் கீழே, முதல் கருத்தாகப் பின் செய்து, புதியதன் இணைப்பைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சந்தாதாரர் ஒருவன்,
முசரவாக்கம்.